தொடர்கதை முடிவும் ஐவகைச் சந்தியும்

தொடராக வரும் கதையொன்று முடியும் நாளில் அதனைப் படித்தோரும் பார்த்தோரும் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடுவது தொலைக்காட்சி வந்த பின்னர் எழுந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். மேனாட்டு விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களின் இறுதிப் பகுதி பற்றி ஆண்டுகள் பல கடந்தும் ஓயாத பிணக்குகளை அதற்குச் சான்றாகக் காட்டுவர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் பலர் இதனை ஆராயத்தக்க பொருளாகவே கருதுவதில்லை. வகுப்பில் கதைப்பகுதி ஒன்று முடிந்ததும், “அப்புறம் அந்த அம்மா என்ன ஆனாங்க, சார்?” என்று மாணவன் கேட்பான். “கதை அவ்வளவுதான், உட்கார்” என்பது அவனுக்குக் கிடைக்கும் விடை. முடிவோடு நிறைவு பெறாதவர் சுவையறியாதார் என்பது அவ்விடையின் உட்பொருள். இத்தீர்ப்பு தமிழ் மரபுக்கு ஒத்ததுதானா என்பது ஆராயத்தக்கது.

தமிழ்நாட்டில் இத்தகைய வழக்கிற்குப் பேர்போன சான்று கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆகும். 1950 அக்டோபர் இறுதியில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய அக்கதை 1954 மே திங்களில் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்காலம் அது வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகங்கள், இறுதிப் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’. தமிழ் மக்கள் வாழ்ந்த நாடுகளிலெல்லாம் அதற்கு வாசகர் இருந்தனர்.

கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கே பரந்து கிடந்த தோட்டங்களிலும் கதை படித்தல் என்பது அந்நாளில் தனியொருவர் செயல் அன்று. எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, லயத்து வாசலில் சூழ்ந்திருந்து ஏனையோர் கேட்பர். கப்பலில் வந்த இதழ் கை மாறிக் கை மாறி, மேலட்டை கிழிந்து, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு மிதிவண்டியில் போகும். ‘பொன்னியின் செல்வன்’ வந்த ஆண்டுகள் மலாயாவில் அவசரகால ஆண்டுகள் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1948 முதல் 1960 வரை நீடித்த அக்காலத்தில் தோட்டத்து மக்கள் பலர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டிருந்தனர், ஊரடங்கும் இருந்தது. மாலைக்குப் பின் வெளியே செல்ல இயலாதவர்க்கு வீராணத்து ஏரிக்கரை வழியே குதிரையிற் செல்லும் வந்தியத்தேவன் எத்தகைய துணையாய் இருந்திருப்பான் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இவ்வாறு கேட்டவர்க்குக் கதை ஒரு பொருள் அன்று. உடன் வாழ்ந்த கூட்டம். அக்கூட்டம் ஒருநாள் சொல்லாமற் புறப்பட்டுப் போய்விட்டால் கேட்டவர் மனம் எப்படி இருக்கும்?

கதை முடிந்தபோது வாசகர் ஒரு சாரார் மகிழ்ந்தனர். மற்றொரு சாரார் குறைப்பட்டுக் கொண்டனர். திடீரென்று முடிந்துவிட்டது என்பதே அவர்தம் முறையீடு. அருள்மொழிவர்மன் தனக்கு வந்த முடியை உத்தம சோழனுக்குச் சூட்டிவிட்டான், அஃது இருக்கட்டும். குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்தனரா? நந்தினி என்ன ஆனாள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? இவற்றிற்குக் கதைக்குள் தெளிவான விடை இல்லை. இம்மனக்குறையைக் கல்கி புறக்கணிக்கவில்லை. நூலின் இறுதியில் இன்றும் அச்சிடப்பெறும் முடிவுரையில், சமூகக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் முடிவு வகையில் உள்ள வேறுபாட்டை எடுத்துரைத்து, கதைமாந்தர் சிலரின் பிற்கால வாழ்க்கையையும் சுருக்கமாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் காலமானார்.

இம்முடிவுரையைத் திறனாய்வாளர் பலர் ஆசிரியரின் பெருந்தன்மை என்று பாராட்டி அப்பாற் செல்வர். வாசகரின் நச்சரிப்புக்கு இணங்கி எழுதிய ஒட்டு என்று குறைத்துப் பேசுவாரும் உளர். இரு கூற்றும் பொருந்தா. அதன் இலக்கணம் பழந்தமிழ் உரையொன்றில் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டுள்ளது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் நாடகத்திற்குரிய சந்தி ஐந்தினை விளக்குகின்றார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. ஐந்தினையும் உழவுத் தொழிலோடு ஒப்பிட்டு அவர் விளக்கும் நயம் தனிச்சிறப்புடையது. உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் தன்னுள் பொருள் பொதிந்து சூல் கொள்வது கருப்பம். கதிர் திரண்டு முற்றித் தலைசாய்வது விளைவு. இத்துடன் நின்றுவிட்டாரா? இல்லை. விளைந்ததை அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, பொலி செய்து, வீட்டிற்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது ஐந்தாவதாகிய துய்த்தல் என்கின்றார்.

வடமொழி நாடக நூலாரும் சந்தி ஐந்து என்பர். ஆயினும் அவர்கள் ஐந்தாவதற்கு இட்ட பெயர் ‘நிர்வஹணம்’. கொண்டு முடித்தல் என்பது அதன் பொருள். தமிழ் உரையாசிரியர் அவ்விடத்தே வைத்த சொல்லோ உண்ணுதலைக் குறிக்கின்றது. முடித்தல் செய்வோன் தொழில். துய்த்தல் பெறுவோன் தொழில். கதையின் கடைசிப் படி ஆக்கியோனிடம் இல்லை, அதனைக் கைக்கொள்ளும் அவையிடம் இருக்கின்றது என்னும் கருத்து இச்சொல்லாட்சியில் அடங்கிக் கிடப்பதாகக் கொள்ளலாம். தஞ்சோங் காராங் நெல்வயல்களை ஆண்டுதோறும் பார்க்கும் இப்பகுதி மாணவர்க்கு இவ்வுவமையை விளக்க வேறு கருவி வேண்டா. தலைசாய்ந்த கதிரைக் காட்டி, “இது சோறு ஆகிவிட்டதா?” என்று கேட்டால் போதும்.

‘பொன்னியின் செல்வன்’ பற்றிய பிணக்கு இப்போது தெளிவாகும். முடியைத் துறக்கும் இடத்தில் கதையின் விளைவு முற்றிவிட்டது. பாகத்தின் பெயரே அதனைச் சொல்கின்றது. விளைவைக் கண்டவர் நிறைவுற்றனர். துய்த்தலுக்கு இலை போட்டுக் காத்திருந்தவர் வெற்றிலையோடு எழ வேண்டியதாயிற்று. இரு சாராரும் ஒரே கதையைத்தான் படித்தனர். ஒருவர் நான்காம் சந்தியைப் பற்றியும் மற்றவர் ஐந்தாம் சந்தியைப் பற்றியும் பேசினர். ஆதலின் இவருள் ஒருவர் சுவைஞர், மற்றவர் பாமரர் என்று பிரித்தல் தவறாகும். முடிவுரை எழுதிய கல்கி, துய்த்தலைக் கதைக்குப் புறத்தே வைத்துப் பரிமாறினார் என்பதே உண்மை.

கதைக்கு அகத்தே வைத்துப் பரிமாறிய புலவர் ஒருவர் தமிழில் உளர். அவர் இளங்கோவடிகளே. சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் புகார்க் காண்டத்துக்குப் பத்தும், மதுரைக் காண்டத்துக்குப் பதின்மூன்றும், வஞ்சிக் காண்டத்துக்கு ஏழும் உரியன. மதுரைக் காண்ட இறுதியிலேயே நகர் எரிந்து தணிந்து, பதினான்கு நாள் கழித்துக் கண்ணகி கோவலனோடு விண்ணுலகு செல்கின்றாள். கதை முடிந்தது! பின்னர் ஏழு காதைகள் எதற்கு? வஞ்சிக் காண்டம் மிகை என்றும், பிற்காலச் சேர்க்கை என்றும் அறிஞர் சிலர் கூறியதற்குக் காரணம் இவ்வினாவே. அவர்கள் விளைவோடு எழுந்துவிட்டவர்கள் என்க.

நீர்ப்படைக் காதையில் கங்கைக்கரைப் பாசறையில் வீற்றிருக்கும் செங்குட்டுவனுக்கு மாடல மறையோன் சொல்லும் செய்திகளைப் பார்த்தல் வேண்டும். அடைக்கலப் பொருளை இழந்த மாதரி தீயிற் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். கோவலன் தந்தை தன் பெருஞ்செல்வத்தைத் தானம் செய்து துறவு பூண்டான். தாய் துயரால் இறந்தாள். கண்ணகியின் தந்தையும் துறந்தான். அவள் தாயும் உயிர் விட்டாள். மாதவி மணிமேகலையோடு அறவழி சார்ந்தாள். 1954இல் வாசகர் கல்கியைக் கேட்ட வினாக்களும் இவ்வகையின. அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்பதற்கு வரிசையாக வரும் விடை இது. கல்கி நூலின் முடிவுரையில் சொன்ன வகைச் செய்தியை இளங்கோ ஒரு மறையோன் வாயில் வைத்து, ஓர் அரசன் கேட்கும்படி செய்துவிட்டார். வகுப்பில் எழுந்து நின்று வினவும் மாணவனுக்குச் செங்குட்டுவன் முன்னோடி. அவனை யாரும் உட்கார் என்று சொல்லவில்லை.

வாழ்த்துக் காதையில் காவற்பெண்டும் அடித்தோழியும் தேவந்தியும் சேரநாட்டிற்கு வந்து அழுவதும் இவ்வகையினதே. விளைவுக்கு அவர்கள் வேண்டப்படாதவர்கள். துய்த்தலில் முதல் வரிசை அவர்களுக்கு உரியது.

ஆயின், ஐந்தாம் சந்தியைக் கொடுத்துவிட்டால் பிணக்கு எழாது என்று முடிவு கட்டிவிடலாமா? விஞ்ஞானக் கற்பனைத் தொடர்கள் இங்கேதான் ஒரு சிக்கலைக் காட்டுகின்றன. அவ்வகைக் கதை ‘ஏன்’, ‘எவ்வாறு’ என்னும் வினாக்களையே விதையாக இடுகின்றது. தமிழில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இதற்கு எளிய சான்று. நிகழும் கொலைகளுக்குக் காரணம் பேயா, விஞ்ஞானக் கருவியா என்று கணேஷும் வசந்தும் கதைக்குள்ளேயே வழக்காடுகின்றனர். முடிவிலும் ஐயம் முற்றத் தீர்வதில்லை. வாசகர் இரு கட்சியாவதற்கு முன்னே ஆசிரியர் இரு கட்சியையும் கதைக்குள் அமர்த்திவிட்டார். சாமர்த்தியமான ஏற்பாடு.

மேனாட்டில் இதனினும் பெரிய வழக்கு ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் பற்றியது. 1978இல் வந்த பழைய தொடரை ரொனால்ட் மூர் என்பார் 2003இல் புதுக்கி எழுதத் தொடங்கினார். 2009 மார்ச் 20ஆம் நாள் அது முடிந்தது. மனிதர் படைத்த இயந்திர மாந்தர் மனிதரை அழிக்க எழுகின்றனர். உயிர் தப்பிய ஐம்பதாயிரம் பேர் அளவிலான மக்கள் கப்பல்களில் ஏறி, பூமி என்னும் இடத்தைத் தேடி விண்வெளியில் அலைகின்றனர். சொந்த நிலம் இழந்து கலம் ஏறியவர் கதை. தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்நியமானது அன்று. இறுதியில் அவர்கள் அடையும் பூமி ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நம் பூமியே என்று தெரிகின்றது. தம் கப்பல்களைக் கதிரவனுக்குள் செலுத்திவிட்டு, வெறுங்கையோடு புல்வெளியில் இறங்கி வாழத் தொடங்குகின்றனர். தலைமை ஏற்று நடத்திய ரோஸ்லின் அம்மையார் நோயால் இறக்க, தளபதி அடாமா அவர் கல்லறை அருகே அமர்ந்து, தாம் கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசுகின்றார்.

துய்த்தலுக்கு இதனினும் நிறைந்த பந்தி கிடைத்தல் அரிது. ஒவ்வொருவருக்கும் விடை கொடுக்க நேரம் ஒதுக்கப்பட்டது. பார்த்தவருள் பலர் கண் கலங்கினர். மற்றொரு சாராரோ கடுஞ்சினம் கொண்டனர். முன்னரே இறந்து மீண்டு வந்த காரா திரேஸ் என்னும் வீராங்கனை, பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியில் மறைந்து போகின்றாள். அவள் யார், எவ்வாறு மீண்டாள் என்பதற்கு விளக்கம் இல்லை. புதிர்கள் பலவும் இறைவன் திருவுள்ளம் என்னும் ஒன்றில் சென்று அடங்குகின்றன. புகழ்பெற்ற புதின ஆசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் இம்முடிவை வெளிப்படையாகவே குறைகூறினார். (அவர் நூல்களைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் 2019இல் முடிந்தபோது அதே வகை வழக்கு அவர் வாயிலுக்கு வந்தது வேறு கதை.)

இத்தொடரின் முடிவை ஆதரிப்போர் ஒரு நல்ல வாதம் சொல்வர். இறைவன் பெயர் இறுதியில் திடீரென்று நுழைக்கப்பட்டதன்று. பால்ட்டர் என்னும் விஞ்ஞானியின் கண்ணுக்கு மட்டும் தோன்றும் பெண்ணுருவம் தொடக்கம் முதலே இறைவனின் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே விதை இடப்பட்டதுதான் என்பர். உண்மையே. ஆனால் பார்த்தவர் அதனை விதை என்று கருதவில்லை. குற்றவுணர்ச்சியால் கலங்கிய ஒருவனின் மனமயக்கம் என்றே கருதினர். மேலும், தொடரின் முற்பகுதிகளில் ஒவ்வொரு முறையும் முகப்பெழுத்துகள் பகைவருக்கு ஒரு திட்டம் உண்டு என்று அறிவித்துக்கொண்டே இருந்தன. அத்திட்டம் என்ன என்பது கதைக்குள் செவ்வையாக விளக்கப்படவில்லை. தொடர் முடிந்த அதே ஆண்டில் ‘தி பிளான்’ என்னும் தனிப்படம் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அதுவும் ஒரு முடிவுரைதான். எனினும் கல்கியின் முடிவுரைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கல்கி விடுபட்ட துய்த்தலைத் தந்தார். இவர்கள் விடுபட்ட விளைவைத் தேடிச் சென்றனர். அறுவடை விருந்து முடிந்த பிறகு வயலுக்குத் திரும்பிக் கதிர் உண்டா என்று பார்ப்பது போன்றது அது.

தெய்வம் தலையிடுவதே குற்றம் என்று இதிலிருந்து கொள்ளலாகாது. சிலம்பிலும் தெய்வம் உண்டு. மதுராபதி கண்ணகியின் முன் தோன்றிப் பழம்பிறப்புரைக்கின்றது. அதனை எவரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைப் பதிகத்திலேயே நூற்பொருளாக அறிவித்துவிட்டார் ஆசிரியர். உழும்போதே இன்ன பயிர் என்று சொல்லி உழுத வயல் அது. ‘கலாக்டிகா’வின் வயல் வேறு பயிருக்கு உழப்பட்டது, அல்லது பார்த்தவர் அவ்வாறு நம்பும்படி உழப்பட்டது. எதிர்த்தோர் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகின்றது. ஆயினும் கல்லறை அருகே அடாமா பேசும் காட்சிக்காக அழுதவரை அறிவிலார் என்று அவர்கள் ஏசியது பொருந்தாது. அவர்கள் அழுதது வேறொரு சந்திக்காக.

விளைவும் துய்த்தலும் ஆகிய இரண்டையும் வேண்டுமென்றே மறுத்த தொடரும் உண்டு. 1967–68இல் இங்கிலாந்தில் வந்த ‘தி பிரிசனர்’ பதினேழு பகுதிகள் கொண்டது. ஆறாம் எண் என்று மட்டும் அழைக்கப்படும் கைதி, முதலாம் எண் யார் என்று தேடுகின்றான். இறுதியில் முகமூடியைக் கிழித்தால் உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதனையும் கிழித்தால் அவன் முகமே. அதனை எழுதி இயக்கி நடித்த பேட்ரிக் மெக்கூஹன் பார்வையாளர் சினத்துக்கு அஞ்சி ஒளிந்திருக்க நேர்ந்ததாகப் பின்னர்ச் சொல்வதுண்டு.

மணிரத்தினத்தின் திரைப்படம் இரண்டு பகுதிகளாக 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது, 1954இன் வழக்கு மலேசியத் திரையரங்கு வாயில்களில் புதுப்பிக்கப்பட்டது. நூலைப் படித்தவர் ஒரு கட்சி, படியாதவர் ஒரு கட்சி. பின்னவர் பெரும்பாலும் நிறைவோடு வீடு திரும்பினர். முன்னவரின் முறையீடுகள் பல. அவற்றுள் ஒன்று மட்டும் இங்கே கருதத்தக்கது. அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும்.

துய்த்தல் பற்றித் தோட்டத்து மக்கள் ஏன் இத்துணைக் கூர்மையாக இருக்கின்றனர் என்பது இலக்கியத்தை மட்டும் வைத்து விளங்குவதன்று. ரப்பர்க் கன்று நட்டு ஆறேழு ஆண்டு கழித்தே பால் தரும். காட்டை அழித்து நட்டவர், அதற்கு நிழல் வரும்வரை காத்தவர், பின் அதனைச் சீவி வாளி சுமந்தவர், அதனை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தவர், எல்லோரும் அவர்களே. விளைவை அவர்கள் பலமுறை கண்டுள்ளனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்து லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களை நோக்கி, “விளைந்தது அல்லவா, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்கத் துணிவார் யார்? கதையில் மட்டும் அவ்வினாவை அவர்கள் பிள்ளைகளிடம் கேட்பது எப்படித் தகும்?

கரிகாலன் கொலைக்கு வருவோம். அதனைக் கல்கி விடுவிக்கவில்லை என்னும் குறை இன்றும் சொல்லப்படுகின்றது. உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறித்து, அவர்தம் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டதைச் சொல்கின்றது. ஏன் கொன்றனர், யார் தூண்டினர் என்பதை அது சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு அதிற் பங்குண்டு என ஐயுற்றார் நீலகண்ட சாஸ்திரியார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். நிலமே இருண்டு கிடக்கும்போது கதிர் மட்டும் எவ்வாறு முற்றும்? சரித்திரத்தில் நடந்தவர் வாழ்க்கையைத் தம் விருப்பம்போல் முடித்துவிடக் கல்கிக்கு உரிமை இல்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு இருக்கின்றது, அருள்மொழிக்குப் பேரரசு இருக்கின்றது.

கல்வெட்டு இல்லாதவள் ஒருத்தி அக்கதையில் உண்டு. சம்புவரையர் மகள் மணிமேகலை முழுவதும் கல்கியின் கற்பனை. அவளுக்குச் சரித்திரம் உரிமை கொண்டாடாது. அவள் வாழ்க்கையை முடித்துக் கொடுக்கும் கடன் முழுவதும் ஆசிரியருக்கே உரியது. கதையின் இறுதி அத்தியாயம் அவளுக்கே ஒதுக்கப்பட்டது. ‘மலர் உதிர்ந்தது’ என்பது அதன் தலைப்பு. முடிசூட்டு விழாவும் அரசியலும் ஓய்ந்த பிறகு, வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் பிரிகின்றது. முடிவுரையில் சொல்லப்பட்டவற்றை மறந்துபோன முதிய வாசகரும் இவ்வோர் இடத்தை மறப்பதில்லை. திரைப்படத்தில் மணிமேகலை இல்லை. நூலைப் படித்தவர் திரையரங்கு வாயிலில் சொன்ன முறையீடுகளுள் கருதத்தக்கது என்று மேலே குறித்தது இதுதான்.